நாற்பத்து நாலும் ஐநூறும்

பெரிய துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்கு வாயும் பெரிதாகத்தான் இருக்கும் என்று சொன்னால் எங்கள் தீவில் பாதி ஆண்களுக்குக் கோபம் வரும். வரட்டுமே. அவர்கள் கோபத்துக்குப் பயந்து நான் என்றைக்கு வாயை மூடியிருக்கிறேன்?

தெக்லா ஆறு கடலில் சேரும் இடத்தில், குறுக்கே வேலி கட்டி, அதில் ஒரு சின்ன வாசல் விட்டு, ஏறி வரும் சால்மன் மீன்களை ஒவ்வொன்றாக எண்ணுவது என் வேலை. மே மாதம் தண்ணீரில் இறங்கும் மிதவை விமானத்தில் போனால் செப்டம்பரில்தான் ஊருக்குத் திரும்புவேன். ஒரு குடிசை, ஒரு ரேடியோ, நான், கரடிகள். பதினாறு வருஷம் இப்படித்தான். நான் எண்ணுகிற அதே மீனைத் தின்னத்தான் கரடியும் வருகிறது. அதற்கும் எனக்கும் பகை இல்லை. இரண்டு முறை வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் தண்ணீர் மொள்ளக்கூடப் போக மாட்டேன்.

ஊரில் நான் செத்துப்போன நிக்கியின் பெண்டாட்டி. பாவம் ஜீனியா, தனியாக என்ன செய்கிறாளோ என்று ஆளாளுக்குப் பிரோக் என்கிற மீன் அப்பம் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் அழுகிறேனா என்று முகத்தைப் பார்ப்பார்கள். ஆற்றில் நான் வெறும் ஜீனியா. அந்த ஆற்றை விட்டுக்கொடுப்பதற்குப் பதில் கையை விட்டுக்கொடுப்பேன்.

அந்தக் கைதான் போன அக்டோபரில் உடைந்தது. துறைமுகத்தில் பனி உறைந்த பலகையில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் தகடு வைத்து ஏழு திருகாணி போட்டார்கள்.

ஏப்ரலில் புது மேலாளர் வந்தான். கர்டிஸ் என்று பெயர், முப்பத்தெட்டு வயது, ஐடஹோக்காரன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அவன் வந்ததற்கு முந்தைய கோடையில் வேறொரு ஆற்று முகாமில் கரடி கூடாரத்துக்குள் புகுந்து ஒருவனின் தோளைக் கிழித்துவிட்டது. அவன் கையில் இருந்தது நாற்பத்து நாலு, குழல் அளவால் பெயர் வைத்த ரிவால்வர். இரண்டு முறை சுட்டும் கரடி நிற்கவில்லை. அதைப் படித்ததிலிருந்து கர்டிஸுக்குத் தூக்கம் போய்விட்டது.

அலுவலகத்தில் மீன் எண்ணும் எங்கள் எட்டுப் பேரையும் உட்கார வைத்து, விதிகள் அச்சடித்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"இந்த வருஷத்துலேருந்து ஆத்துல தங்குறவங்க எல்லாரும் பெரிய ரிவால்வர், ஐநூறுதான் வெச்சிருக்கணும். டயர் சோதனையில தேறணும். கடைத் தோட்டா மட்டும்தான், வீட்டுல நிரப்பினது கூடாது. தேறாதவங்க கவலைப்படாதீங்க, ஊர்லயே வேலை இருக்கு."

கடைசி வாக்கியத்தை என் மணிக்கட்டைப் பார்த்துச் சொன்னான். ஊரில் வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் எண்ணிய மீனைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. அந்த அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான்.

"ஐநூறுன்னு அந்தத் தாள்ல எங்க எழுதியிருக்கு?" என்றேன். "படிச்சுக் காட்டுங்க."

படித்தான். நாற்பத்து நாலு அல்லது அதற்கு மேல் என்றுதான் இருந்தது.

"இது பழைய தாள்ங்க."

"புதுத் தாள் எங்க?"

"வரும்."

"வந்ததும் பேசிக்கலாம். அதுவரைக்கும் நான் நாப்பத்து நாலுதான். அப்புறம், அந்த ஆளு சுட்டது மெத்து முனைக் குண்டு. மான் சுடுறதுக்குச் செஞ்சது. தோல்ல பட்டதும் காளான் மாதிரி விரிஞ்சு அங்கயே நின்னுடும். கரடிக்குள்ள ஆழமாப் போகணும்னா கெட்டியான குண்டு வேணும். துப்பாக்கி மேல தப்பில்ல, அதுக்குப் போட்ட தீனிதான் தப்பு."

யாரோ சிரித்தார்கள். கர்டிஸ் சிரிக்கவில்லை.

"சரி, நாப்பத்து நாலே வெச்சுக்குங்க. ஆனா கடைத் தோட்டாதான். சோதனைப் படிவத்துல தோட்டா தயாரித்தவர் பெயர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒரு கம்பெனி பேரு வந்தாகணும்." தாளை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "என் தம்பிக்கு இடது கையில ரெண்டு விரல் இல்ல. வீட்டுத் தோட்டா. நிரப்பும்போது வெடிமருந்து ரெண்டு தடவை விழுந்திருக்கு. துப்பாக்கியே வெடிச்சிருச்சு."

அப்படி நடக்கத்தான் செய்கிறது. அவன் தம்பிக்காக உண்மையாகவே வருத்தப்பட்டேன். ஆனால் அந்த வருத்தத்துக்கு என் ஆற்றைக் காணிக்கையாகக் கொடுக்க முடியாது.

தின்று பார்க்காமல் கசக்கிறது என்று சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அடுத்த நாள் ஓரின் கடைக்குப் போனேன். ஓரினும் நானும் ஒரே பள்ளிக்கூடம். மழைக்கோட்டு, மீன் தூண்டில், எஞ்சின் எண்ணெய், துப்பாக்கி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே விற்பான்.

"ஐநூறை எடு, சுட்டுப் பார்க்கணும்."

"ஒன் கையை வெச்சுக்கிட்டா? பைத்தியமா நீ?"

"எடுடான்னா."

ஊருக்கு வெளியே ஜல்லி வெட்டிய பள்ளத்துக்குப் போனோம். அந்த ரிவால்வரை இரண்டு கையாலும் தூக்கினேன். உருளையில் ஐந்தே தோட்டா. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தடிமன். முதல் தோட்டாவுக்குக் குழல் என் தலைக்கு மேலே போய்த் தொப்பியைத் தட்டிவிட்டது. ஏழு திருகாணியும் தனித்தனியாகப் பேர் சொல்லி அழைத்தன. இரண்டாவது தோட்டாவைச் சுட்டபோது ஒன்றைக் கவனித்தேன். விசையை இழுப்பதற்கு முன்பே என் கண் மூடிக்கொண்டது.

"இந்தா, நீயே வெச்சுக்க," என்று ஓரினிடம் கொடுத்துவிட்டேன்.

"பட்டா கரடி அப்பவே காலி, ஜீனியா."

"பட்டா. கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டா எங்க படும்? ஒன் நெத்தியிலதான் படும்."

என்னுடைய நாற்பத்து நாலு முழுக்க இரும்பு, நீளக் குழல், ஆறு தோட்டா. கனம் அதிகம். இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கும்போது அந்தக் கனத்தைத் திட்டுவேன். சுடும்போது அந்தக் கனம்தான் பாதி உதையைத் தின்றுவிடும். ஆனால் அதைச் சுடவும் என் உடைந்த கை தயாராக இருந்ததற்குக் காரணம் துப்பாக்கி இல்லை. என் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறை.

அந்த அறையில் ஒரு மேசை, அதில் திருகி வைத்த கைப்பிடி இயந்திரம், ஒரு தராசு. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுவி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை உட்கார வைத்து, கூட்டின் வாயை இறுக்கினால் புதுத் தோட்டா. நிரப்பும்போது கதவில் ஒரு சிவப்புக் கையுறையைத் தொங்கவிடுவேன். அது தொங்கினால் யாரும் உள்ளே வரக்கூடாது, கூப்பிடவும் கூடாது. ரேடியோ கிடையாது, போன் கிடையாது, காப்பிகூடக் கிடையாது. ஒருமுறை நிக்கி வாசல் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து, சமையலறை ஜன்னல் வழியாகச் சிவப்புக் கையுறையைப் பார்த்துவிட்டு, கதவைத் தட்டாமல் முக்கால் மணி நேரம் மழையில் நின்றார். அவர் தோட்டாவை அவர் நிரப்புவார், என்னுடையதை நான். ஒரே மேசை, இரண்டு பெட்டி. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர் தோட்டாவை மற்றவர் தொட்டதில்லை.

கட்டுப் பிரித்த ஜனவரியில் மருந்தைக் குறைத்து, கொசு கடிப்பது போன்ற தோட்டா செய்தேன். அதைச் சுட்டு மணிக்கட்டைப் பழக்கினேன். பிப்ரவரியில் கொஞ்சம் கூட்டினேன். மார்ச்சில் இன்னும் கொஞ்சம். ஏப்ரல் கடைசியில் கெட்டிக் குண்டு போட்ட முழுத் தோட்டாவைக் கண்ணைத் திறந்தபடி சுட்டேன். இப்படிப் படிப்படியாகச் செய்த தோட்டாவை எந்தக் கடை எனக்கு விற்கும்? கடைத் தோட்டா விலைக்கு மனுஷன் வருஷத்துக்கு ஒரு பெட்டி சுடுவான். நான் வாரத்துக்கு ஒரு பெட்டி சுடுகிறேன். மருத்துவர் கொடுத்த ரப்பர்ப் பந்து அப்படியே அலமாரியில் கிடக்கிறது.

சோதனைக்கு முந்தைய நாள் ஓரின் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னான்.

"ஒங்க மேலாளரு குட்டைக் குழல் ஐநூறு வாங்கியிருக்காரு. தோட்டா இருக்கிறதுலயே கனமானது. அந்த விலைக்கு ஒரே பெட்டிதான் வாங்கினாரு. பழகுறதுக்கு லேசானதுல மூணு பெட்டி."

எங்கள் தீவுக்கு வருகிற புது ஆட்கள் தவறாமல் செய்கிற தப்பு இது. ஒன்றில் பழகுவார்கள், வேறொன்றை இடுப்பில் கட்டுவார்கள்.

சனிக்கிழமை காலையில் தூறலோடு பள்ளத்தில் கூடினோம். டயர் சோதனை என்பது இதுதான். சரிவின் உச்சியில் ஒரு பழைய லாரி டயர், நடு ஓட்டையில் அட்டை அடைத்தது. பாறைக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்தால் முட்டுப் பலகை விலகி டயர் உருண்டு வரும். பாய்ந்து வரும் கரடியின் கணக்கு. அது காலடிக்கு வருவதற்குள் ஐந்து தோட்டா சுட வேண்டும், அதில் குறைந்தது மூன்று தோட்டா அட்டையில் பட வேண்டும். கயிறு ஓரின் கையில்.

"நானே முதல்ல சுடுறேன்," என்றான் கர்டிஸ். அந்த விஷயத்தில் அவனை மெச்சினேன்.

அவன் தோட்டா போடும்போது பக்கத்தில் போய்க் கேட்டேன். "இந்தத் தோட்டாவுல நாலு சுட்டுட்டு, அஞ்சாவதை வெளிய எடுத்துப் பார்த்தீங்களா?"

"எதுக்குங்க?"

"துப்பாக்கி பின்னால உதைக்கும்போது உள்ள காத்துக்கிட்டிருக்கிற தோட்டாவும் சேர்ந்து பின்னால போகும். கூட்டோட வாய் சரியா இறுகலைன்னா குண்டு மட்டும் போகாம அங்கயே நின்னுடும். ரெண்டு மூணு உதைக்குள்ள முன்னால துருத்திக்கிட்டு வந்துடும். அப்புறம் உருளை சுத்தாது. குட்டைக் குழல், கனமான குண்டு, உதை இன்னும் அதிகம்... பார்த்துக்குங்க."

"கம்பெனிக்காரன் அதெல்லாம் பார்க்காமலா விப்பான்?" என்று தோளைக் குலுக்கினான். சொல்லியாயிற்று. ஊதுகிற சங்கை ஊதிவிட்டேன் என்று தள்ளி நின்றேன்.

கயிறு இழுபட்டது. டயர் உருண்டது. முதல் தோட்டா பள்ளத்தையே அதிர வைத்தது, மண் பறந்தது. இரண்டாவது அட்டையில் பட்டது. மூன்றாவதற்கு விசையை இழுத்தான், அசையவில்லை. மறுபடி இழுத்தான். துப்பாக்கியின் சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்துப் பார்த்தான், உருளை கல்லாக நின்றது. டயர் குதித்து வந்து அவன் முழங்காலில் மோதி, அவனை உட்கார வைத்துவிட்டுப் போய் பள்ளத்தின் ஓரம் சுழன்று படுத்தது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் உருளைக்கு முன்னால் ஒரு குண்டின் மூக்கு எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தத் துப்பாக்கியோடு இவன் ஆற்றுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவமானப்பட்டவனுக்கு நியாயம் தெரியாது. எழுந்து சேற்றைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"கடைத் தோட்டாவுக்கே இந்தக் கதின்னா வீட்டுத் தோட்டா எந்த லட்சணத்துல இருக்கும்? கடைப் பெட்டியை எடுங்க, இல்லன்னா சுட வேண்டாம்."

"கடைப் பெட்டி நான் கொண்டு வரல. என் தோட்டாதான் சுடுவேன்."

"அவ்வளவு நம்பிக்கையா? சரி, குடுங்க. ஒங்க துப்பாக்கியில ஒங்க தோட்டாவைப் போட்டு நானே சுட்டுப் பார்க்கிறேன். ஒண்ணும் ஆகலைன்னா ஒத்துக்கிறேன்."

"தர மாட்டேன்," என்றேன்.

கூட்டத்தில் முணுமுணுப்பு. என்னோடு பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கர்டிஸ் கையை விரித்தான்.

"பார்த்தீங்களா? அவங்களுக்கே நம்பிக்கை இல்ல."

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. மரியாதை எங்கே போனது என்று தெரியவில்லை.

"கர்டிஸ், ஒன் தம்பி விரலைக் கொண்டுபோன தோட்டா, அதை யாரு நிரப்பினது? ஒன் தம்பியா?"

அவன் மறுபடி முழங்கால் சேற்றைத் தட்டினான்.

"சொல்லு. ஒன் தம்பியா நிரப்பினான்?"

"இல்ல," என்றான். "ஃபிரெண்டு ஒருத்தன். சும்மா குடுத்தான்."

"அதனாலதான் தர மாட்டேன். எங்க வீட்டுக்காரருக்கே தந்ததில்ல, அவரும் எனக்குத் தந்ததில்ல. சுடுற துப்பாக்கிக்குப் பின்னால நிரப்பின கைக்காரியோட மூஞ்சிதான் இருக்கணும். தப்பு செஞ்சா என் விரல் போகட்டும், என் கண்ணு போகட்டும். அடுத்தவன் கையை வெச்சுப் பந்தயம் கட்டுறவ நான் இல்ல."

அவன் முகத்தில் இருந்த கோபம் எங்கோ போய்விட்டது, தம்பியை நினைத்திருப்பான். எனக்கும் நிக்கி ஞாபகம் வந்தது. ஆனால் நான் வந்தது அழுவதற்கு இல்லை. பெட்டியைத் திறந்து அவன் முன்னால் நீட்டினேன்.

"அம்பது இருக்கு. நீயே அஞ்சு பொறுக்கு. எங்கேருந்து வேணாலும் எடு. நான் சுடுறேன்."

நிதானமாக எடுத்தான். மூலையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து இரண்டு, கடைசியாக ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தான். ஒவ்வொன்றாகக் கொடுக்க, ஒவ்வொன்றாகப் போட்டேன். அதற்குள் ஓரின் டயரில் புது அட்டை அடைத்து உச்சியில் நிறுத்தியிருந்தான்.

"ஓரின், இழு!"

முதல் தோட்டா அட்டையில். மணிக்கட்டில் சுருக்கென்றது, பழகிய வலிதான். இரண்டாவதைச் சுடும்போது டயர் ஒரு கல்லில் ஏறிக் குதித்தது, தவறிவிட்டது. மூன்றாவது அட்டையில். நான்காவதில் பயம் வந்துவிட்டது, ஒளிப்பானேன், அந்தச் சுவர் பார்த்த ஜன்னல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவசரப்பட்டு இழுத்தேன். மண்ணில் போயிற்று. ஒரே ஒரு தோட்டா பாக்கி, டயர் பத்து அடியில். கண் மூடப் பார்த்தது. மூடாதே சனியனே என்று என் கண்ணை நானே திட்டினேன். திறந்த கண்ணோடு இழுத்தேன்.

அட்டை கிழிந்தது. டயர் என் பக்கமாக உருண்டுபோய் விழுந்தது.

கர்டிஸ் போய் அட்டையில் இருந்த ஓட்டைகளை விரல் விட்டு எண்ணினான். மூன்று. மறுபடி எண்ணினான். எத்தனை முறை எண்ணினாலும் மூன்றுதான் என்றேன். பதினாறு வருஷமாக எண்ணுகிறவள் சொல்கிறேன், நம்பு என்றேன்.

லாரியின் பின்பலகையில் படிவத்தை வைத்து எழுத ஆரம்பித்தான். பெயர், துப்பாக்கி, பட்ட தோட்டா. தயாரித்தவர் பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"ஜீனியா லுகின்னு எழுது," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். எழுதினான்.

"நிரப்பின தேதி?"

"பெட்டி மூடியிலயே இருக்கு. ஏப்ரல் இருபத்தொம்போது."

அதையும் எழுதினான். "தயாரித்தவரோட முகவரி கேக்குது."

"தெக்லா ஆறு, மீன் வேலி. செப்டம்பர் வரைக்கும் அங்கதான் இருப்பேன்."

அதையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினான். தூறலில் தாள் நனைந்துகொண்டிருந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.